பாகூரில் அப்பா, அம்மா: 70 வயது அட்டை, 5 லட்சம், எதற்குக் கைக்காசு போகும்?

கேட்டவர்: மஞ்சக்குப்பம்

அப்பாவுக்கு 73, அம்மாவுக்கு 68. பாகூரில் இருக்கிறார்கள், புதுச்சேரி மஞ்சள் ரேஷன் அட்டை (வறுமைக் கோட்டுக்கு மேல் உள்ளவர்களுக்கானது). நான் கடலூரில். அப்பாவுக்கு முட்டி மாற்ற வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். கடலூர் கலெக்டர் ஆபீசில் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை எடுத்துவிடலாம் என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள். முடியுமா? "5 லட்சம் பேங்குக்கு வருமா, கடனா திருப்பிக் கட்டணுமா?" என்று அப்பா கேட்கிறார். அவருக்குப் புரியும்படி எப்படிச் சொல்வது?

பதில் 1: காப்பீட்டு டெஸ்க்

முதலில் ஊர்க்கணக்கு. கடலூரில் எடுக்கும் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டைக்குத் தமிழ்நாட்டு குடும்ப அட்டை வேண்டும். அதோடு குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்று வருமானச் சான்று. பாகூர் புதுச்சேரியைச் சேர்ந்தது. கடலூர் எவ்வளவு பக்கத்தில் இருந்தாலும் அந்த அட்டை உங்கள் பெற்றோருக்குக் கிடைக்காது, அதற்காக அலைய வேண்டாம்.

அப்பாவுக்கு வேறு வழி இருக்கிறது. 2024 அக்டோபர் 29இல் தொடங்கிய ஆயுஷ்மான் வய வந்தனா அட்டை, அதாவது மூத்தோருக்கு மத்திய அரசு தரும் 5 லட்ச ரூபாய் மருத்துவக் காப்பீடு. ஆதாரில் 70 வயது முடிந்திருந்தால் போதும். வருமானமும் ரேஷன் அட்டை நிறமும் பார்ப்பதில்லை. தனியார் பாலிசி இருந்தாலும் எடுக்கலாம். முன்னாள் ராணுவத்தினர் திட்டத்திலோ மத்திய அரசு ஊழியர் மருத்துவத் திட்டத்திலோ இருப்பவர் ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

அம்மாவுக்கு 68 என்பதால் இது வராது. அப்பா அட்டையில் அம்மாவைச் சேர்க்கவும் முடியாது. உங்கள் குடும்பம் ஏற்கெனவே ஆயுஷ்மான் பாரத் (குடும்பத்துக்கு 5 லட்சம் தரும் மத்திய அரசுக் காப்பீடு) பட்டியலில் இருக்கிறதா என்று ஆயுஷ்மான் ஆப்பில் அம்மாவின் ஆதார் எண்ணைப் போட்டுத் தனியாகத் தேடுங்கள். இருந்தால் அம்மாவுக்கு அந்த 5 லட்சம், அப்பாவுக்குத் தனி 5 லட்சம். பின்னால் அம்மாவுக்கும் 70 ஆனால் மூத்தோருக்கான 5 லட்சத்தை இருவரும் பங்கிட்டுக்கொள்வார்கள், ஆளுக்கு 5 இல்லை. இந்த இடத்தில்தான் நிறைய பேர் தப்பாகக் கணக்குப் போடுகிறார்கள்.

பதில் 2: பொது சேவை மையம்

பதிவுக்கு ஆதாரும் அதில் இணைத்த செல்போனும் போதும். ஆயுஷ்மான் ஆப்பில் பயனாளி என்று உள்ளே போய், 70 வயதுக்கு மேற்பட்டோர் பகுதியில் ஆதார் எண் கொடுத்து ஓடிபி போடுங்கள், முகத்தைப் படம் எடுங்கள், முகவரியை நிரப்புங்கள்.

ஓடிபிக்குப் பதில் மையத்தில் கைரேகை வைத்துப் பதிவு செய்தால் சிக்கல் வருவது அதில்தான். வயல் வேலை செய்த கைகளில் ரேகை தேய்ந்து, மெஷின் எடுக்காது. பத்துத் தடவை அழுத்த வைத்து அவர்களை நோகடிக்காதீர்கள், கண் கருவிழி அல்லது முகப் பதிவுக்கு மாற்றச் சொல்லுங்கள். ஆதாரில் பிறந்த தேதி தப்பாக இருந்தால் அதைத்தான் முதலில் திருத்த வேண்டும். வயதை வேறு எந்தச் சான்றிலும் பார்க்க மாட்டார்கள்.

அட்டை போட்டுத் தருகிறேன் என்று போனில் ஓடிபி கேட்டால் கொடுக்கக் கூடாது என்று அப்பாவிடம் இப்போதே சொல்லி வையுங்கள்.

பதில் 3: பில்லிங் பிரிவு

அப்பாவின் கேள்விக்கு இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "அப்பா, பணம் உங்க கைக்கு வராது. ஆஸ்பத்திரியில படுத்து வைத்தியம் பார்த்தா அந்த பில்லை அரசாங்கம் ஆஸ்பத்திரிக்குக் கட்டும். கடன் இல்ல. ஒரு வருஷத்துக்கு 5 லட்சம் வரைக்கும்." அதற்கு மேல் முதல் நாளே விளக்கினால் குழம்பிவிடுவார்.

நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது, 5 லட்சத்துக்குள் எதுவும் செய்துகொள்ளலாம் என்று இல்லை. ஒவ்வொரு சிகிச்சைக்கும் ஒரு பேக்கேஜ், அதற்கு ஒரு தொகை. அட்மிஷனுக்கு முந்தைய 3 நாள் பரிசோதனை, ஆபரேஷன், உள்ளே வைக்கும் பொருள், வார்டு, சாப்பாடு, வீட்டுக்கு வந்தபின் 15 நாள் மருந்து எல்லாம் அதில் அடங்கும். பழைய சர்க்கரை, பிரஷர் இருப்பதைச் சொல்லி மறுக்க முடியாது, காத்திருப்புக் காலமும் கிடையாது.

கைக்காசு போகும் இடங்கள்: அட்மிட் ஆகாத ஓபி செலவு, ஒரு மாதம் முன்பே எடுத்த ஸ்கேன், கூட இருப்பவர் சாப்பாடு, போக்குவரத்து, மாதாமாதம் வாங்கும் மாத்திரை. மாத்திரைக்கு ஆரம்ப சுகாதார நிலையம்தான் வழி.

பெரிய தப்பு ஒன்று நடக்கும். "முதல்ல கட்டுங்க, அப்புறம் கிளைம் பண்ணிக்கலாம்" என்பார்கள், வீட்டிலும் கட்டிவிடுவார்கள். இது பணமில்லாச் சிகிச்சைத் திட்டம், ரசீதைக் காட்டித் திரும்ப வாங்குகிற முறை இல்லை. கட்டியதைத் திரும்ப வாங்குவது கஷ்டம். முட்டி மாற்றுவது அவசரச் சிகிச்சை இல்லை, நேரம் இருக்கிறது. ஆரோக்கிய மித்ராவிடம் (ஆஸ்பத்திரியில் இந்தத் திட்டத்துக்கு உதவ இருப்பவர்) போய், சிகிச்சைக்குத் திட்டத்தின் முன்அனுமதி வந்துவிட்டதா என்று கேட்டு, வந்தபிறகே அட்மிட் செய்யுங்கள்.

கேட்டவர்: மஞ்சக்குப்பம்

நன்றி. அப்பா புதுச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரிக்குத்தான் போக ஆசைப்படுகிறார். கடலூர் பக்கம் வந்து செய்தாலும் இதே அட்டை செல்லுமா?

பதில் 1: காப்பீட்டு டெஸ்க்

செல்லும். மாநில எல்லை தடையில்லை, அந்த ஆஸ்பத்திரி திட்டத்தில் சேர்ந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் ஆஸ்பத்திரி பெயர் பட்டியலில் இருப்பது மட்டும் போதாது, எலும்பு சிகிச்சைப் பிரிவுக்கும் பதிவாகியிருக்கிறதா பாருங்கள். சில பேக்கேஜ்களை அரசு ஆஸ்பத்திரிகளுக்கு மட்டும் ஒதுக்கி வைத்திருப்பார்கள், அதையும் கேளுங்கள். 14555க்குப் போன் செய்து கேட்கலாம். உள்ளே இருக்கும்போது யாராவது பணம் கேட்டால் புகாருக்கும் அதே எண்தான்.

ஆதார், அட்டை நகல் இரண்டிரண்டு, பழைய எக்ஸ்ரே, சாப்பிடும் மாத்திரைச் சீட்டு எல்லாம் ஒரே பையில் இருக்கட்டும். 14555ஐயும் உங்கள் எண்ணையும் பெரிய எழுத்தில் எழுதி பீரோ கதவின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள். ராத்திரியில் அவசரம் என்றால் அம்மா தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.