பில் போடும் இடத்தில் வாய் முந்திக்கொண்ட கதை

கும்பகோணம் கடைத்தெருவில் ஒரு மளிகைக் கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தேன். தீபாவளிக்கு நாலு நாள்தான் இருக்கும். ஐப்பசி மழை விடவே இல்லை, வாசலில் சாக்கு விரித்திருந்தோம். அதற்கு முன் துணிக்கடையில் இருந்த பழக்கம், பில்லை நீட்டும்போதே 'ஹேப்பி தீபாவளி' தானாக வந்துவிடும்.

மாதாமாதம் சாமான் வாங்கும் அக்கா ஒருவர் சீட்டு கொடுத்தார். துவரம் பருப்பு, புளி, மிளகாய், ரவை, அரை லிட்டர் எண்ணெய். பையை நகர்த்திவிட்டு, சிரித்துக்கொண்டே வாழ்த்தையும் சொல்லிவிட்டேன்.

சில்லறையை எண்ணிக்கொண்டே, "எங்களுக்கு இந்த வருஷம் பண்டிகை இல்ல தம்பி. மாமனார் ஆடியில தவறிட்டாரு" என்றார். கோபமே இல்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

அவர் போனதும் எடை போடும் அண்ணன் பிடித்துக்கொண்டார். "சீட்டைப் பார்த்தியா? கடலை மாவு இல்ல, வெல்லம் இல்ல, எண்ணெயும் எப்பவும் வாங்குறதுதான். தீபாவளி வாரத்துல இதுக்கு வேற என்னடா அர்த்தம்?"

துக்க வீட்டில் அந்த வருஷம் எண்ணெய்ச் சட்டி வைக்கமாட்டார்கள், பலகாரம் அக்கம்பக்கத்திலிருந்துதான் போகும். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். ஆனால் கல்லாவில் உட்கார்ந்தால் இதெல்லாம் எங்கே ஞாபகம் வருகிறது!

தீபாவளிக்கு முதல் நாள் முதலாளி தன் வீட்டு அதிரசமும் முறுக்கும் கட்டி, அங்கே கொடுத்துவிட்டு வரச் சொன்னார். யாரை அனுப்பினார் என்று சொல்ல வேண்டுமா? கதவைத் திறந்த அக்கா, "இந்த மழையில ஏன்டா வந்த? டீ குடிச்சிட்டுப் போ" என்றார். தம்பி, 'டா' ஆகியிருந்தது. அன்றைக்கு வேறு வாழ்த்து எதுவும் நான் சொல்லவில்லை.

---

இது வேறொருவர் சொன்னது: நாகூரில் எங்கள் வாப்பா பெட்டிக்கடை வைத்திருந்தார். தீபாவளி அன்று விடியும்போதே திறந்துவிடுவார், பால் தீர்ந்து யாராவது ஓடிவருவார்கள் என்று. ஈரத்தலையும் புதுப்புடவையுமாக ஒரு மாமி வருவார்.

"கங்கா ஸ்நானம் ஆச்சா பாய்?"

"சுபுஹு தொழுகைக்கு முன்னாடியே ஆச்சு மாமி."

வருஷா வருஷம் இதே கேள்வி, இதே பதில். ரம்ஜானுக்கு முதல் நாள் சாயங்காலம் அதே மாமி, "பிறை தெரிஞ்சுதா பாய்?" என்று கேட்டுக்கொண்டு வருவார். வாழ்த்து என்ற சொல்லை இருவர் வாயிலும் நான் கேட்டதில்லை.

---

இது மூன்றாமவர் சொன்னது: நாங்கள் கடைமடை, காவிரித் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் ஊர். வைத்திருப்பது உரக்கடை. ஆடி 18-க்கு இங்கே யாரும் ஹேப்பி சொல்வதில்லை. "தண்ணி எங்க வருது?" அவ்வளவுதான். 2024-ல் ஜூன் 12-க்குத் திறக்க வேண்டிய மேட்டூர் அணையை ஜூலை 28-ல்தான் திறந்தார்கள். ஆகஸ்ட் 3 ஆடிப்பெருக்கு. எங்கள் வாய்க்காலில் அன்று ஆடு மேய்ந்துகொண்டிருந்தது. கடைக்கு வந்த பெரியவர் பழைய பாக்கியில் 200 ரூபாயை மேஜையில் வைத்தார்.

"கல்லணை தாண்டிடுச்சாம்ல?"

"தாண்டிடுச்சு மாமா."