வெளியில் வாங்கிப் போட்ட மோனோஷாக் ஒழுகுகிறது: சீல் மாற்றினால் போதுமா?

மெட்டுரோடு_411:

வணக்கம். ஊர் கம்பம். வண்டி ஹிமாலயன் 411 பைக், 58,000 கி.மீ. ஓடியது. நெடுங்கண்டம் பக்கம் குத்தகைக்கு எடுத்திருக்கும் ஏலத்தோட்டத்துக்குக் கம்பம்மெட்டு மலைப்பாதை ஏறி வாரத்தில் ஐந்து நாள் போய்வருகிறேன். கேரியரில் உரமோ மருந்தோ ஏதாவது ஒரு மூட்டை இல்லாத நாளே கிடையாது. அந்தச் சுமைக்காகத்தான் மூன்று வருடத்துக்கு முன் கம்பெனி ஷாக்கைக் கழற்றிவிட்டு, தனியாகக் கேஸ் டப்பா வைத்த மோனோஷாக் (பின்சக்கரத்துக்கான ஒற்றை ஷாக்) ஒன்று வாங்கிப் போட்டேன். பிராண்டு பெயர் வேண்டாம். அதைக் குறை சொல்ல வரவில்லை, மூன்று வருடமும் நன்றாகத்தான் உழைத்தது.

போன மாதம் மெட்டு இறங்கும்போது பின்பக்கம் ஒரு பள்ளத்துக்கு மூன்று தடவை துள்ளியது. காலையில் ஏறும்போது ஒன்றும் தெரியாது. சாயங்காலம், தோட்டத்துக் கல்பாதையில் அலைந்து சூடான பிறகுதான் இந்தக் கூத்து. டயரில் காற்று அதிகமோ என்று குறைத்துப் பார்த்தேன், பிரயோஜனம் இல்லை. அப்புறம்தான் குனிந்து பார்த்தேன். ஷாக்கைப் பின்சக்கரத்தோடு இணைக்கும் லிங்கேஜ் பக்கம் சேறும் எண்ணெயும் குழைந்து சாந்து மாதிரி ஒட்டிக்கிடந்தது. ஷாக்குக்குள் போய்வரும் ராடைத் துணியால் சுத்தமாகத் துடைத்துவிட்டு லோயர் கேம்ப் வரை போய்த் திரும்பினேன். மறுபடியும் ராடு முழுக்க எண்ணெய்.

மூன்று இடத்தில் கேட்டேன், மூன்று பதில். ஷாக் விற்றவர் "புதுசு போட்டுவிடுங்கள்" என்கிறார். இங்கே ஒரு பட்டறையில் ஓட்டை போட்டு ஆயில் ஊற்றி வெல்டு வைத்துத் தருகிறேன், 600 ரூபாய் என்றார்கள். குமுளியில் ஒரு சேட்டன், சீல் கொண்டுவந்தால் மாற்றலாம், ஆனால் கேஸ் அடிக்க என்னிடம் ஒன்றும் இல்லை என்று நேர்மையாகச் சொல்லிவிட்டார்.

சீல் மட்டும் மாற்றினால் போதுமா? எங்கே கொடுப்பது? அதுவரை ஓட்டலாமா? படம் மூன்று போட்டிருக்கிறேன்.

ஷாக்வைத்தியம்_கோவை:

முதலில் அந்த 600 ரூபாய் யோசனையை மறந்துவிடுங்கள். எண்ணெய் நுரைக்காமல் இருக்க அந்த டப்பாவுக்குள்ளிருந்து நைட்ரஜன் அழுத்திக்கொண்டிருக்கும். பொதுவாக 10 பார் பக்கம், அதாவது உங்கள் டயரில் இருப்பதைப்போல நாலைந்து மடங்கு. அதில் டிரில் வைத்தால் சூடான எண்ணெயை முகத்தில் வாங்க வேண்டியதுதான். வெல்டு வைத்த பிறகு உள்ளே பிஸ்டன் நேராக ஓடும் என்பதற்கும் உத்தரவாதம் கிடையாது.

எண்ணெய் வெளியே வராமல் ராடைச் சுற்றிப் பிடித்திருக்கும் சீல் சும்மா கிழியாது. ராடைத் துடைத்துவிட்டு விரல்நகத்தை மேலிருந்து கீழாக மெதுவாக இழுத்துப் பாருங்கள், நான்கு பக்கமும். எங்கேயாவது நகம் சிக்கினால் அங்கே குரோம் போய்விட்டது. அதன் மேல் எத்தனை புது சீல் போட்டாலும் ஆறே மாதம்தான். சிக்கவில்லை என்றால் சீல் கிட், உள்ளே ராடு உரசாமல் ஓட வைக்கும் புஷ், எண்ணெய், நைட்ரஜன், அவ்வளவே வேலை.

எண்ணெய் விஷயத்தில் ஒன்று. எண்ணெய் டப்பாவில் 5 டபிள்யூ என்று போட்டிருக்கும் கெட்டித்தன்மை எண்ணை மட்டும் நம்பி ஊற்றும் ஆளிடம் கொடுக்காதீர்கள். ஒரு கம்பெனியின் 5 இன்னொரு கம்பெனியின் 7.5 மாதிரி இருக்கும். 40 டிகிரியில் எத்தனை சென்டிஸ்டோக் (கெட்டித்தன்மையின் அளவு) என்று பார்த்துத் தேர்ந்தெடுப்பவர்தான் வேலை தெரிந்தவர்.

பெரியகுளத்தான்:

பழைய கம்பெனி ஷாக் என்ன ஆச்சு? எடைக்குப் போடவில்லையென்றால் அதை மாட்டிக்கொண்டு ஓட்டுங்க தம்பி. எண்ணெய் தெறித்துப் பின் டயரில் பட்டால் மெட்டு இறக்கத்தில் விளையாட்டு இல்லை.

வண்டன்மேட்டுத்_தமிழன்:

ஷாக் பற்றி எனக்குப் பெரிதாகத் தெரியாது. ஆனால் இரண்டாவது படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கேரியர் கம்பியிலும், கீழே பின்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஸ்விங்ஆர்மிலும் நீலப்பச்சையாக ஒரு கறை இருக்கிறதே, அது என்ன? நான் நினைப்பதுதானா? துரிசு (மயில்துத்தம், காப்பர் சல்பேட்) மூட்டையா கொண்டுபோகிறீர்கள்?

ஏலத்தில் வரும் அழுகல் நோய்க்கு, துரிசும் சுண்ணாம்பும் சேர்த்து போர்டோ கலவை கலக்கும்போது யாராவது இரும்பு வாளியைத் தொடுவார்களா? பிளாஸ்டிக் டிரம்மில்தானே கலக்குகிறோம். கலந்த பிறகு கத்தியை முக்கிப் பார்ப்போமே, அலகில் செம்பு நிறம் ஏறினால் துரிசு மிச்சம் இருக்கிறது, இன்னும் சுண்ணாம்பு வேண்டும் என்று. அந்தக் கத்தியில் நடப்பதுதான் உங்கள் வண்டியிலும் நடக்கிறது. மழையில் மூட்டை நனைந்து நேராகக் கீழேதான் ஒழுகும்.

ஷாக்வைத்தியம்_கோவை:

அண்ணன் பிடித்துவிட்டார். குரோம் தன்னளவில் தாங்கும். ஆனால் கல் தெறித்து ஒரு இடத்தில் விட்டிருந்தால் துரிசுத் தண்ணீர் அங்கே இறங்கி அடியில் இருக்கும் இரும்பைத் தின்னும். நகத்தை வைத்துப் பார்த்தீர்களா?

மெட்டுரோடு_411:

பார்த்தேன். டயரைப் பார்த்த பக்கம் இரண்டு இடத்தில் சிக்குகிறது, கடுகு பாதி அளவு. அதில் ஒன்றின் ஓரத்தில் செம்பு நிறம்கூடத் தெரிகிறது. தினமும் கலவையில் கத்தி முக்குகிறவனுக்கு இது தோன்றவில்லை, என்ன சொல்ல. பழைய ஷாக் மாட்டுக்கொட்டகைப் பரணில் சாக்கில் சுற்றிக் கிடந்தது, அதை மாட்டிவிட்டேன். மூட்டையோடு ஏறினால் பின்பக்கம் உட்கார்ந்துவிடுகிறது, ஆனாலும் துள்ளல் இல்லை.

எண்ணெய் ஒழுகும் சாமான் என்று கூரியரில் வாங்க மாட்டேன் என்றார்கள். நானே கோவைக்குப் பஸ்ஸில் எடுத்துக்கொண்டு வருகிறேன்.

ஷாக்வைத்தியம்_கோவை:

வரும் முன் ஒரு வேலை. ஸ்பிரிங் இறுக்கும் வளையத்துக்கு மேலே எத்தனை மி.மீ. மரை தெரிகிறது என்று அளந்து எழுதிவையுங்கள். ஷாக்கின் இறுக்கத்தை மாற்றும் திருகில் எத்தனை கிளிக் இருக்கிறது என்றும் எண்ணிக்கொள்ளுங்கள். கேஸ் வால்வை மட்டும் தொடாதீர்கள். காற்று இருக்கிறதா பார்ப்போம் என்று டயர் கேஜை வைத்தாலே பாதி போய்விடும், டப்பா அவ்வளவு சின்னது.

மெட்டுரோடு_411:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். கோவையில் ராடைக் கழற்றி, பழைய குரோமை எடுத்துவிட்டு ஹார்ட் குரோம் பிடித்து, கிரைண்டிங் செய்து மைக்ரோமீட்டரில் அளவு காட்டினார்கள். ராடு வேலைக்குத்தான் ஒன்பது நாள். சீலைக் கையில் கொடுத்தார், உதட்டில் பிளேடு வைத்துக் கீறினமாதிரி இரண்டு கோடு, குழி இருந்த இடத்துக்கு நேராக. வெளியே வந்த எண்ணெய் கறுப்பாக, மீன்குழம்பில் மிதக்கும் எண்ணெய் போலப் பளபளத்தது. புஷ் தேய்ந்த பித்தளைத் தூள் அது என்றார்.

மொத்தம் 6,400 ரூபாய். புதுசின் விலையில் கால்பங்குகூட இல்லை.

மாட்டியபின் தம்பியை டேப் பிடிக்கச் சொல்லி, 30 கிலோ மூட்டையோடு நான் ஏறி உட்கார்ந்து அளந்தேன். சேக், அதாவது சுமையால் பின்பக்கம் அமுங்கும் அளவு, 56 மி.மீ. இந்த வண்டியின் பின்சக்கர அசைவு 180, அதில் மூன்றில் ஒரு பங்குக்குள் இருக்கிறது, போதும் என்று விட்டுவிட்டேன். மெட்டில் ஏறி இறங்கியாச்சு, ராடு காய்ந்தே இருக்கிறது. ராடுக்கு முன்னால் பழைய டியூப்பை வெட்டி ஒரு மறைப்பும் கட்டியிருக்கிறேன், பார்க்க அசிங்கம்தான்.

துரிசு இப்போது மூடி போட்ட பெயிண்ட் வாளியில் போகிறது. வாளி கேரியரில் நிற்க மாட்டேன் என்கிறது, அதைத் தனியாகக் கேட்கிறேன்.