அறிவியல் சங்க வேலையில் உங்களுக்கு இன்னும் உறுத்திக்கொண்டிருப்பது எது?

மண்டபத்துக்காரன்:
பொதுக்குழுவுக்குக் கோரம் (கூட்டம் செல்ல வேண்டுமானால் இருக்கவேண்டிய குறைந்தபட்ச ஆள்) 25. வந்தவர்கள் 23. நான் அப்போது செயலாளர். தலைவர் வருகைப் பதிவேட்டை என் கையிலிருந்து வாங்கி, வேனருகே நின்ற டிரைவரிடம் நீட்டினார். காலையில் ராமநாதபுரம் ஸ்டேஷனிலிருந்து எங்களை ஏற்றிவந்தவர். பேனாவை வாங்கியவர் உடனே போடவில்லை. "ஜாமீன் கையெழுத்து இல்லையே சார்?" என்று என்னைத்தான் கேட்டார், தலைவரை அல்ல. இல்லை என்றேன். முத்து முத்தாகப் பெயரெழுதி, இனிஷியலுக்குப் புள்ளியும் வைத்துக் கொடுத்தார். 25ஆவது ஆள் சமையல்காரர். அந்தக் கூட்டத்தில்தான் சந்தாவை உயர்த்தினோம், பழைய நிர்வாகிகளையே மறுபடி தேர்ந்தெடுத்தோம். 'ஏகமனதாக' என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதியது என் கை.

பாசிக்கரை:
நான் பதவியில் எல்லாம் இருந்ததில்லை, மாணவத் தொண்டர். அடையாள அட்டை கோப்பது, சான்றிதழ் அடுக்குவது, கடைசியாக மேடைக்குக் கீழே உட்கார்ந்து நேரம் பார்ப்பது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைப் பற்றி இரண்டு நாள் பேசிய கருத்தரங்கு அது. அந்தக் கடலில் முங்கிப் பாசி எடுக்கும் அம்மா ஒருவருக்கும் 10 நிமிடம் கொடுத்திருந்தார்கள். விரல்களில் துணி சுற்றிக்கொள்வது எப்படி என்று முந்தானை நுனியைக் கிழிக்காத குறையாகச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தார். 8ஆவது நிமிடம். மணியை அடித்தேன். பேச்சை நிறுத்திவிட்டு, "சாப்பாடா அம்மா?" என்றார். அரங்கமே சிரித்தது. அவரும் சிரித்துக்கொண்டே இறங்கிவிட்டார். மீதி இரண்டு நிமிடம் இருந்ததை நான் சொல்லவே இல்லை. அவருக்கு முன்னால் பேசிய பேராசிரியர் 35 நிமிடம் எடுத்தார். அவருக்கு மணி அடிக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

முன்னாள் பொருளாளர்:
மண்டபத்துக்காரரே, இதை உறுத்தல் என்று சொல்லிக் கடந்துபோக முடியாது. அது பொய்ப் பதிவு. என் கதை சின்னது: வேறு யாரும் வராததால் 9 வருடம் பொருளாளர். ஒப்படைத்தபோது கொடுத்தது ஒரு பிஸ்கட் டப்பா நிறைய ரசீது. புதியவர் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி மூடினாரே, அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

இனி செயலாளராகப் போகிறவர்களுக்கு: தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975இல் வந்தது. அதன்படி செயற்குழுவின் பதவிக்காலம் 3 ஆண்டுக்கு மேல் போகக்கூடாது. மறுபடி தேர்ந்தெடுக்கலாம், ஆனால் தேர்தல் நடந்திருக்க வேண்டும். நிர்வாகிகள் மாறினால் படிவம் 7ஐப் பதிவாளரிடம் கொடுங்கள். இல்லாவிட்டால் வங்கியில் பழைய ஆளின் கையெழுத்துக்காகவே அலைவீர்கள். வரவு செலவை மாதாமாதம் எழுதுங்கள். மார்ச் மாதம் உட்கார்ந்து எழுதினால் அது கணக்கல்ல, கற்பனை. கோரம் இல்லையா, கூட்டத்தை ஒத்திவையுங்கள். அரை மணி கழித்து இருப்பவர்களை வைத்தே நடத்தலாம் என்று பல சங்கங்களின் துணைவிதிகளில் இருக்கும். நம் ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் முகாமில்தான் 1958இல் இந்தியக் கடல் உயிரியல் சங்கம் தொடங்கியது. 1962 ஜனவரியில் சூரை, சீலா (வஞ்சிரம்), கானாங்கெளுத்தி மீன் இனங்களுக்கென்றே அங்கே கருத்தரங்கு நடத்தினார்கள். கைப்பேசி இல்லாத காலத்தில் அவர்களால் ஆள் திரட்ட முடிந்திருக்கிறது.

தொண்டி வாத்தியார்:
ஐயா, அவர்கள் அங்கேயே வேலை பார்த்தவர்கள், நடந்து வந்திருப்பார்கள். எங்கள் கூட்டத்தில் மாலை ஆனதும் பாதிப் பேர் சென்னை ரயிலுக்கு எழுந்துவிடுகிறார்கள். தீர்மானத்துக்குக் கை தூக்குகிறாரா, பையை எடுக்கிறாரா என்றே தெரிவதில்லை. பாசிக்கரை சொன்ன 35 நிமிடப் பேராசிரியரை எனக்கும் தெரியும் போலிருக்கிறது. எல்லாச் சங்கத்திலும் ஒருவர் இருக்கிறார்.

மண்டபத்துக்காரன்:
பொருளாளர் ஐயா, ஒத்திவைக்கும் விதி எங்கள் துணைவிதியிலும் இருந்தது. எனக்குத் தெரியும், அதைத் தட்டச்சு செய்தவனே நான்தான். தலைவரிடம் சொல்லவும் சொன்னேன். மீன்குழம்பு ஆறிவிடும் என்றார்.