சிப்பிப்பாறைக் குட்டி கூண்டில் இரவெல்லாம் அழுகிறது, என்ன செய்யலாம்?

வைகைக்கரை:
அனைவருக்கும் வணக்கம். மதுரையில் அடுக்குமாடி வீட்டில் இரண்டாவது தளத்தில் வசிக்கிறோம். சென்ற வாரம் கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து எட்டு வாரச் சிப்பிப்பாறை இன நாய்க்குட்டி ஒன்றைக் கொண்டுவந்தோம். செவலை நிறம், பெண். செவ்வந்தி என்று பெயர் வைத்திருக்கிறோம். வளர்ந்த பிறகும் பயன்படட்டும் என்று 42 அங்குலக் கம்பிக் கூண்டு வாங்கி வரவேற்பறையில் வைத்தோம். பகலில் தானாகவே உள்ளே போய்ப் படுக்கிறாள். இரவு பத்து மணிக்குக் கதவைச் சாத்தியதும் ஊளையிடத் தொடங்குகிறாள். ஒரு மூலையில் சிறுநீர் கழித்துவிட்டு மறு மூலையில் சுருண்டு கிடக்கிறாள். ஒன்பது மணிக்கு வயிறு நிறையப் பால்சோறு கொடுத்துத்தான் படுக்கவைக்கிறோம்.

கண்டுகொள்ளாமல் விட்டால் இரண்டு நாளில் அடங்கிவிடும் என்றார் குட்டியைக் கொடுத்தவர். கீழ்வீட்டில் பொதுத்தேர்வுக்குப் படிக்கும் பிள்ளை இருக்கிறது. பச்சைக் குழந்தையை இப்படி அடைத்துவைக்கலாமா என்று என் மாமியார் கண்கலங்குகிறார். கூண்டைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா?

கரிசல்மண்:
திருப்பிக் கொடுக்க வேண்டாம், சகோதரி. ஆனால் உங்கள் மாமியாரின் மனசு சரியாகவே சொல்கிறது. போன வாரம் வரை கூடப்பிறந்த குட்டிகளின் மேல் தலையை வைத்துத் தூங்கியவள் செவ்வந்தி. அந்த வயதில் தனியாக விடப்படுவது நாய்க்குட்டிக்கு ஆபத்து. அதனால்தான் தாயைக் கூப்பிடுகிறாள். அதில் பிடிவாதம் எதுவும் இல்லை. கண்டுகொள்ளாமல் விட்டால் ஒருநாள் ஓயத்தான் செய்வாள். கூப்பிட்டுக் கூப்பிட்டு யாரும் வராததால் ஓய்ந்துபோவதை நான் பழக்கம் என்று ஒத்துக்கொள்ளமாட்டேன்.

இன்றிரவே கூண்டைப் படுக்கையறைக்குக் கொண்டுபோங்கள். கட்டிலில் படுத்தபடி கையை நீட்டினால் கம்பி எட்ட வேண்டும். முனகினால் விரலைக் கம்பியருகே வையுங்கள், முகர்ந்து பார்த்துவிட்டுப் படுத்துவிடுவாள். சில வாரங்கள் போகட்டும், பிறகு கூண்டைக் கொஞ்சம் கொஞ்சமாக வரவேற்பறைப் பக்கம் நகர்த்தலாம்.

42 அங்குலம் அவளுக்கு இப்போது ஒரு மைதானம். படுக்கும் இடத்தை அசுத்தம் செய்யப் பெரும்பாலான நாய்களுக்குப் பிடிக்காது. இடம் மிஞ்சிக் கிடப்பதால்தான் ஒரு மூலையைக் கழிப்பறையாக்கிக்கொண்டாள். எழுந்து நிற்க, திரும்ப, காலை நீட்டிப் படுக்க எவ்வளவு வேண்டுமோ அவ்வளவை மட்டும் விட்டுத் தடுத்துவிடுங்கள். பெரும்பாலான கம்பிக் கூண்டுகளோடு தடுப்பும் சேர்ந்தே வரும்.

பால்சோற்றை நிறுத்துங்கள். பசும்பால் பல குட்டிகளுக்குச் செரிக்காமல் வயிற்றை இளக்கிவிடும். கடைசி உணவு ஏழு மணிக்குள் முடியட்டும். தண்ணீரைப் பகலில் குறைக்காதீர்கள். குட்டியின் வயது எத்தனை மாதமோ அதோடு ஒன்றைக் கூட்டினால், அத்தனை மணி நேரம் அடக்கிவைக்கும் என்பது ஒரு தோராயக் கணக்கு. இவளுக்கு மூன்று மணி நேரம். பத்து மணிக்குப் படுத்தால் ஒரு மணிக்கும் நான்கு மணிக்கும் நீங்களே எழுப்பி வெளியே கொண்டுபோங்கள். கொஞ்சல், விளையாட்டு எதுவும் வேண்டாம். காரியம் முடிந்ததும் திரும்பப் படுக்கை.

கதவைப் பகலில்தான் பழக்க வேண்டும். சாப்பாட்டுத் தட்டைக் கூண்டுக்குள் வைத்து, சாப்பிடும்போது கதவைச் சாத்தி, தட்டு காலியாகும் முன்பே திறந்துவிடுங்கள். அடுத்தடுத்த வேளைகளில் கொஞ்சம் கொஞ்சமாகத் தாமதித்துத் திறக்கலாம். கோபத்தில் ஒருமுறைகூட உள்ளே தள்ளிவிடாதீர்கள்.

இன்னொன்று. சிப்பிப்பாறைக்கு உடம்பில் கொழுப்பு குறைவு, ரோமமும் மெல்லியது. கூண்டின் வெறும் அடித்தட்டில் படுத்தால் எலும்பு உறுத்தும். மாமியாரின் பழைய பருத்திப் புடவையை நான்காக மடித்துப் போடுங்கள். பகலெல்லாம் அவளோடு இருப்பவரின் வாசனை இரவிலும் கூட இருக்கட்டும்.

கால்நடை_மாணவி:
அக்கா, வெளியே என்றால் தெருவுக்கு வேண்டாம். தடுப்பூசித் தொடர் சுமார் 16 வாரத்தில்தான் முடியும். அதுவரை மற்ற நாய்கள் கழிக்கும் இடங்களில் குட்டிகளுக்குக் கடும் வயிற்றுப்போக்கைத் தரும் பார்வோ வைரஸ் தொற்றும் அபாயம் பெரிது. மற்ற நாய்கள் வராத மொட்டை மாடியின் ஒரு மூலையில் தட்டில் மண் பரப்பி வையுங்கள். கூண்டுக்குள் விடும்போது கழுத்துப்பட்டையைக் கழற்றிவிடுங்கள், கம்பியில் மாட்டினால் உயிருக்கே ஆபத்து. கூண்டைப் பினாயிலால் துடைக்க வேண்டாம், குட்டி நக்கிவிடும். சிறுநீர் வாடையை நீக்க நொதி (என்சைம்) கலந்த துப்புரவுத் திரவம் கிடைக்கிறது.

வடகடல்:
நான் ஸ்வீடனில் இருக்கிறேன். இங்கே வீட்டில் நாயைக் கூண்டில் பூட்டிவைக்கச் சட்டம் இடம்தருவதில்லை. பயணம், போட்டி போன்றவற்றுக்கு மட்டும் விலக்கு உண்டு. பகலில் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறையாவது நாயை வெளியே விட வேண்டும் என்பதும் விதி. இங்கும் குட்டிகள் நன்றாகத்தான் வளர்கின்றன. படுக்கையறைக் கதவைச் சாத்திவிட்டு, கட்டிலருகே மெத்தை போட்டுப் படுக்கவைக்கிறோம். பூட்டு அவசியமில்லை என்பது என் கருத்து.

கரிசல்மண்:
வடகடல் சொல்வதை மதிக்கிறேன். பகலில் மாமியார் வீட்டில் இருப்பதால் கதவு திறந்தே கிடக்கட்டும். இரவில் மின்கம்பியையும் செருப்பையும் கடிக்கும் வயது இது, அதனால் அப்போது மட்டும் சாத்தலாம் என்கிறேன். எச்சில் வழிய மூச்சிரைத்தாலோ, மூக்கும் பல்லும் காயப்படக் கம்பியைக் கடித்தாலோ அது பீதி. உடனே திறந்துவிடுங்கள். அப்படிப்பட்ட குட்டிக்குக் கூண்டு ஒத்துவராது, வடகடல் சொன்ன வழியே சரி.

வைகைக்கரை:
அனைவருக்கும் மிக்க நன்றி. கட்டிலருகே மாற்றிவிட்டோம். முதல் இரவே ஊளை நின்றுவிட்டது, கொஞ்ச நேரம் முனகல் மட்டும். புடவையை மாமியாரே மடித்துப் போட்டார். ஒரு கேள்வி: இருட்டாக இருந்தால் நன்றாகத் தூங்கும் என்று கூண்டைப் போர்வையால் மூடச் சொல்கிறார்களே, மூடலாமா?

கரிசல்மண்:
மதுரை வெயிலுக்கு முழுவதும் மூடவே கூடாது. நாய் பெரும்பாலும் மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ளும், அதற்குக் காற்றோட்டம் வேண்டும். மேலேயும் பின்பக்கமும் மெல்லிய துணி போதும். மற்ற மூன்று பக்கங்களும் திறந்திருக்கட்டும், மின்விசிறிக் காற்று படும்படி வையுங்கள்.