மறுமொழி: பாஸிவ் வொக்காபுலரி, ஆக்டிவ் வொக்காபுலரி – தமிழில் என்ன சொல்லலாம்?

வணக்கம். பார்த்தால் புரியும், ஆனால் தானாக எடுத்துப் பயன்படுத்த வராத சொற்களை ஆங்கிலத்தில் பாஸிவ் வொக்காபுலரி என்பார்கள்; நாமே எடுத்துப் பயன்படுத்துகிறவற்றை ஆக்டிவ் வொக்காபுலரி என்பார்கள். இவற்றுக்குத் தமிழ்க் கலைச்சொல் தேடும் இழையில் வந்த யோசனைகளுக்கு என் மறுமொழி இது.

> பாஸிவ் வொக்காபுலரிக்குச் ‘செயலறு சொற்கள்’, ஆக்டிவ் வொக்காபுலரிக்குச் ‘செயலுறு சொற்கள்’ என்று வைக்கலாமே. நேரடியாக இருக்கிறது.

நேரடியாக இருப்பதுதான் எனக்குச் சிக்கலாகப் படுகிறது, ஐயா. ‘செயலறு’ என்றதும் பழுதாகிப்போன ஒன்றுதான் நினைவுக்கு வரும். செயலற்ற வங்கிக் கணக்கு என்கிறோம், செயலற்ற குழு என்கிறோம். ஒருவர் ஆங்கிலத் தலையங்கம் படிக்கிறார். நடுவில் ‘மிட்டிகேட்’ வருகிறது. பாதிப்பைத் தணிப்பது என்று சட்டென்று பிடிபட்டு மேலே படித்துக்கொண்டு போகிறார். அந்தச் சொல் அங்கே தன் வேலையைச் செய்துவிட்டது. அவர் கட்டுரை எழுதும்போது அதே சொல் கைக்கு வராமல் போகலாம், அது வேறு விஷயம். ஆங்கிலத்திலேயே இத்துறையில் எழுதுகிறவர்கள் பலர் இப்போது ‘ரிசெப்டிவ்’ (ஏற்கும்), ‘புரொடக்டிவ்’ (ஆக்கும்) என்ற இணையைத்தான் விரும்புகிறார்கள். படிப்பதும் கேட்பதும் சும்மா உட்கார்ந்திருப்பது இல்லையே.

> அப்படியானால் ‘ஏற்புச் சொல்’, ‘ஆக்கச் சொல்’?

இழையில் ஓர் அம்மையார் சொன்ன இந்த இணை முன்னதைவிட நல்லது. ஆனால் ஆக்கச் சொல் என்றால் புதிதாக ஆக்கிய சொல், அல்லது விகுதி சேர்த்து ஆக்கிய சொல் என்றுதான் மொழியியல் படித்தவர்கள் எடுத்துக்கொள்வார்கள். ஏற்புச் சொல்லும் அப்படித்தான், பிறமொழியிலிருந்து நாம் ஏற்றுக்கொண்ட சொல் என்று நினைக்க இடம் தருகிறது.

நான் முன்வைப்பது: அறிசொல், ஆள்சொல்.

பார்த்தால் அல்லது கேட்டால் பொருள் புரிகிற சொல் அறிசொல். தானாகவே நினைவுக்கு வந்து, இடமறிந்து எடுத்து ஆள முடிகிற சொல் ஆள்சொல். ‘சொல்லாட்சி’ நம்மிடம் ஏற்கெனவே புழங்குவதால் ஆள்சொல்லைப் பெரிதாக விளக்க வேண்டியிருக்காது.

இரண்டும் வினைத்தொகை. அறிந்த சொல், அறிகிற சொல், அறியும் சொல் என்று முக்காலத்துக்கும் விரியும். கற்பவர் நிலைக்கு இது நன்றாகவே பொருந்துகிறது, ஏனென்றால் எந்தச் சொல்லும் ஒரே நாளில் முழுதாகத் தெரிந்துவிடுவதில்லை. வினைத்தொகையில் வல்லினம் மிகாது என்பதால் ‘அறிச்சொல்’ என்று எழுதக் கூடாது. இதை இப்போதே சொல்லி வைப்பது நல்லது. பிறகு திருத்திக்கொண்டே இருக்க வேண்டிவரும்.

ஆள்சொல் என்றால் மனிதரைக் குறிக்கும் சொல் என்று தோன்றாதா என்று யாராவது கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஆள் என்ற பெயர்ச்சொல்லோடு வல்லினம் சேரும்போது பெரும்பாலும் ஆட்குறைப்பு, ஆட்சேர்ப்பு என்று ளகரம் டகரமாகத் திரியும். வினைத்தொகையில் திரியாது, கொள்கலன் போல. ஆகவே எழுத்திலேயே வேறுபாடு தெரிகிறது. செய்தித்தாள்கள் ‘ஆள்கடத்தல்’ என்று எழுதுகின்றனவே என்று மடக்காதீர்கள், அந்த வழக்கை இங்கே நடத்த எனக்குத் தெம்பு இல்லை.

அப்புறம், உயர்நிலை ஆங்கிலச் சொற்களுக்கெல்லாம் ‘திரிசொல்’ என்றே வைத்துவிடலாம் என்று ஒரு யோசனை வந்திருந்தது. அரிதாக உணரும் பொருளுடையது திரிசொல் என்று நன்னூல் சொல்வதால் கவர்ச்சியாகத்தான் இருக்கிறது. ஆனால் திரிசொல் என்பது சொல்லின் இயல்பு. நாம் தேடுவது சொல்லுக்கும் அதைக் கற்பவருக்கும் உள்ள உறவுக்கு ஒரு பெயர். ‘யுபிக்விட்டஸ்’ (எங்கும் காணப்படுகிற) என்ற சொல் உங்களுக்கு ஆள்சொல்லாக இருக்கலாம், எனக்கு அறிசொல்லாக மட்டும் இருக்கலாம், இன்னொருவருக்கு இரண்டுமே இல்லாமல் போகலாம். அகராதியில் அதன் இடம் எல்லோருக்கும் ஒன்றுதான்.

> ‘பயன்படுசொல்’ என்றால் எல்லோருக்கும் புரியுமே, ‘ஆள்’ எதற்கு?

இங்கேதான் கொஞ்சம் நிற்க வேண்டும். பயன்படுத்துவது வேறு, ஆள்வது வேறு. இருமொழிப் பட்டியல் ஒன்றில் ‘நோட்டோரியஸ்’ என்பதற்குப் ‘பெயர்பெற்ற’ என்று மட்டும் போட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதை மனப்பாடம் செய்த மாணவர் தனக்குப் பிடித்த பேராசிரியரை ‘நோட்டோரியஸ்’ என்று பாராட்டி எழுதிவிடுவார். கெட்ட பெயர் எடுத்தவர்களுக்கு உரிய சொல் அது. மாணவர் சொல்லைப் பயன்படுத்தினார், ஆளவில்லை. ‘ஹெவி ரெயின்’ என்பார்கள், ‘ஸ்ட்ராங் ரெயின்’ என்று சொல்வதில்லை. ஆனால் காற்றுக்கு ‘ஸ்ட்ராங்’ வரும். பொருளை எவ்வளவு நன்றாகத் தெரிந்து வைத்திருந்தாலும் இந்தச் சேர்க்கை தானாக வந்துவிடாது. எந்தச் சொல் எதனோடு சேரும், எந்த இடத்தில் மிடுக்காக ஒலிக்கும், எங்கே கேலியாகிவிடும் என்பதெல்லாம் ஆட்சிக்குள் அடக்கம். உயர்நிலைச் சொற்களை ‘சொல் – பொருள்’ என்று இரண்டு பத்தியாக எழுதி மனப்பாடம் செய்கிறவர்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் அறிசொற்கள்தான். நல்ல எடுத்துக்காட்டு வாக்கியங்களைப் பார்த்து, தாமே எழுதி, யாராவது திருத்திக் கொடுத்தால்தான் அவற்றில் சில ஆள்சொல் ஆகும்.

‘சில’ என்று தெரிந்துதான் எழுதினேன். எல்லா அறிசொல்லையும் ஆள்சொல்லாக்கியே தீர வேண்டும் என்ற எண்ணம் எனக்கு உடன்பாடு இல்லை. மொழியியல் ஆய்வாளர் பால் நேஷன் 2006இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஆங்கில நாவல்களையும் செய்தித்தாள்களையும் பிறர் உதவியின்றிப் படிக்கச் சுமார் 8,000 முதல் 9,000 சொற்குடும்பங்கள் (ஒரு சொல்லும் அதிலிருந்து வரும் வடிவங்களும் சேர்ந்தது ஒரு குடும்பம்) வேண்டும். ஒரு பக்கத்தில் 98 விழுக்காடு சொற்கள் தெரிந்திருக்க வேண்டும் என்பது அவர் வைத்த அளவு. இது படிப்பதற்கான கணக்கு, அதாவது அறிசொல் கணக்கு. இத்தனையையும் பேச்சிலும் எழுத்திலும் கொண்டுவர எவரும் மெனக்கெட வேண்டியதில்லை. கல்விக் கட்டுரை எழுதுகிறவர் ஆய்வாளர் ஏவ்ரில் காக்ஸ்ஹெட் 2000இல் வெளியிட்ட கல்விச் சொற்பட்டியலில் உள்ள 570 சொற்குடும்பங்களை ஆள்சொல் ஆக்க உழைக்கலாம், பலன் இருக்கும். ஆனால் ஒருவரை ஜன்னல் வழியே வெளியே எறிவதற்கென்றே உள்ள ‘டிஃபெனஸ்ட்ரேட்’டை அறிந்தாலே போதும், ஆளும் சந்தர்ப்பம் வராமல் இருப்பது நல்லது.

ஆகவே கலைச்சொல் ‘அறி’ நிலையைத் தாழ்த்திப் பேசக் கூடாது. செயலறு என்று பெயர் வைத்தால் கற்பவர் அதை ஒரு குறை என்று நினைத்துக்கொள்வார்.

ஒரு கொசுறு. ‘எபிட்டமி’ (ஒன்றுக்குச் சிறந்த எடுத்துக்காட்டு) என்ற சொல்லை எழுத்தில் எத்தனையோ முறை பார்த்துப் பொருளும் தெரிந்தவர், மனசுக்குள் ‘எபிடோம்’ என்றே படித்துக்கொண்டிருப்பார். யாராவது சரியாக உச்சரித்தால் அது ஏதோ புதுச் சொல் என்று நினைப்பார். மிகைக்கூற்று என்று பொருள்படும் ‘ஹைப்பர்போலி’யும் இதே வகை. இதற்காகக் ‘கண்ணறிசொல்’, ‘செவியறிசொல்’ என்று உட்பிரிவு வைக்கலாம். பாடநூலுக்கு அவசியமா என்றால் இல்லை, ஆசிரியர் கையேட்டில் இருந்தால் நன்றாக இருக்கும்.

‘வொக்காபுலரி’க்குச் சொற்களஞ்சியம் என்பதை மாற்ற வேண்டியதில்லை. கூட்டுச்சொல்லில் மட்டும் நீளம் கருதி ‘அறிசொல் வளம்’, ‘ஆள்சொல் வளம்’ என்று போடலாம்.

கலைச்சொல் பட்டியலில் சேர்ப்பதற்கான வரையறை:

அறிசொல் – படிக்கும்போதோ கேட்கும்போதோ ஒருவருக்குப் பொருள் விளங்கும் சொல். அவர் அதைத் தாமே பயன்படுத்த வல்லவராக இருக்க வேண்டும் என்பதில்லை.

ஆள்சொல் – பேசும்போதோ எழுதும்போதோ ஒருவர் பிறர் தூண்டாமல் நினைவுகூர்ந்து, பொருளும் சேர்க்கையும் இடமும் பொருந்தப் பயன்படுத்த வல்ல சொல்.

மறுப்பு இருந்தால் வரையறையோடு சேர்த்தே சொல்லுங்கள். ‘காதுக்கு நன்றாக இல்லை’ என்று மட்டும் சொன்னால் என்னால் எதையும் திருத்த முடியாது. எந்தச் சொல் எதனோடு சேர்ந்து வரும் என்பதைக் குறிக்கும் ‘கொலோகேஷன்’க்கு இங்கே நான் சும்மா ‘சேர்க்கை’ என்று ஒப்பேற்றியிருக்கிறேன். இணைமொழி என்று வைக்க முடியாது, அது அருமை பெருமை, அக்கம் பக்கம் போன்றவற்றுக்குப் போய்விட்டது. அதைத் தனி இழையில் எடுத்துக்கொள்வோம்.

அன்புடன்.