மேட் வார்னிஷ் அடித்ததும் மாடல் வெளுத்துவிட்டது, கால்களும் தரையில் பதியவில்லை: உதவி தேவை

கேள்வி

வணக்கம். 1/72 அளவில் நான்கு கால்களால் நடக்கும் ஒரு எந்திரம் கட்டிக்கொண்டிருக்கிறேன். பிளாஸ்டிக் கிட்தான், முதுகிலுள்ள குழாய்கள், ஏணி, ஆன்டெனா மட்டும் நானே செய்து சேர்த்தவை. வேற்றுக்கோள் ஒன்றில், வற்றிப்போன ஏரிப் படுகையை அது கடந்து போவதாகக் காட்சி.

அக்ரிலிக் பெயின்ட், டீகால் (மாடலில் ஒட்டும் மெல்லிய அடையாளப் படங்கள்), கோடுகளில் எனாமல் வாஷ் (பள்ளங்களை எடுத்துக்காட்ட ஓடவிடும் நீர்த்த பெயின்ட்) வரை எல்லாம் நன்றாகவே வந்தது. மழை பெய்துகொண்டிருந்த மாலையில் ஸ்ப்ரே கேனில் மேட் வார்னிஷ் (பளபளப்பில்லாத மேல்பூச்சு) அடித்தேன். காய்ந்ததும் கரும்பச்சை உடல் முழுக்க மாவு தூவிய மாதிரி வெளுத்துவிட்டது, பள்ளங்களில் இன்னும் அதிகம். பெயின்டை மொத்தமாக உரிக்க வேண்டுமா? டீகால்கள் போனால் மாற்று இல்லை.

அடித்தளத்திலும் ஒரு சிக்கல். எக்ஸ்பிஎஸ் ஃபோமை (தெர்மாகோலைவிட அடர்த்தியான நுரைப் பலகை) செதுக்கி, பிளாஸ்டர் பூசி, மணல் ஒட்டியிருக்கிறேன். மாடலை அதன்மேல் நிறுத்தினால், பல டன் எடையுள்ள எந்திரம் நடந்து வந்ததாகத் தெரியவில்லை, சும்மா மேலே வைத்ததாகத்தான் தெரிகிறது.

பதில் 1

உரிக்க வேண்டாம் நண்பரே. கண்ணுக்குப் படாத இடத்தில் தூரிகையால் ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்துப் பாருங்கள். ஈரமாக இருக்கும்போது வெண்மை மறைந்து, காய்ந்ததும் திரும்பி வந்தால் பெயின்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. வார்னிஷின் மேற்பரப்புதான் ஒளியைச் சிதறடிக்கிறது.

கேனிலுள்ள கரைப்பான் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்கிறது. மழைநாளில் காற்றிலிருக்கும் ஈரம் அங்கே படிந்து, காயும் படலத்துக்குள் மாட்டிக்கொள்ளும். பள்ளங்களில் அதிகம் என்கிறீர்களே, அது வேறொன்றாகவும் இருக்கலாம். பளபளப்பைக் குறைக்க வார்னிஷில் மிக நுண்ணிய சிலிக்கா தூள் சேர்ப்பார்கள். கேனைச் சரியாகக் குலுக்காமலோ கனமாகவோ அடித்தால் அது பள்ளங்களில் போய்த் தேங்கும்.

இரண்டுக்கும் வைத்தியம் ஒன்றே. நன்றாகக் காயவிட்டு, ஈரமில்லாத நாளில், தண்ணீரில் கரையும் அக்ரிலிக் கிளாஸ் (பளபளப்பான) வார்னிஷை ஏர்பிரஷில் (காற்றழுத்தத்தில் பெயின்ட் தெளிக்கும் கருவி) மெல்லிசாக அடியுங்கள். அது நுண்ணிய சொரசொரப்பை நிரப்பிவிட்டால் பெரும்பாலும் நிறம் திரும்பிவிடும். முதலில் ஒரு பாதத்தில் மட்டும் சோதியுங்கள். அப்புறம் மேட் வார்னிஷை மறுபடி, பனி படர்கிற அளவுக்கு மட்டும், இடைவெளி விட்டு அடியுங்கள். தின்னர் வைத்துத் துடைக்க மட்டும் நினைக்காதீர்கள். அடியிலிருக்கும் வாஷும் டீகாலும் சேர்ந்து வந்துவிடும்.

பதில் 2

அடித்தளம் பற்றிச் சொல்கிறேன், எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி இது. முதல் குற்றவாளி உங்கள் மணல். அரை மில்லிமீட்டர் மணல்துகள் 1/72-இல் 36 மில்லிமீட்டர், அதாவது கூழாங்கல். ஏரிப் படுகையில் வண்டல்தானே இருக்கும்? மணலைச் சுரண்டிவிட்டு, காய்ந்த பிளாஸ்டரை அரைத்துச் சலித்த தூளைப் போடுங்கள்.

பெரிய குறை கால்களில். எடை தெரிய வேண்டுமானால் தரை வழிவிட்டிருக்க வேண்டும். கால் பதிந்த இடம், அதன் விளிம்பில் பிதுங்கிய மண், பின்னால் ஒரே சீரான இடைவெளியில் வந்த தடங்கள், இவை இல்லாமல் எவ்வளவு நன்றாகப் பெயின்ட் அடித்தாலும் மாடல் மிதக்கும்.

ஒரு மனித உருவமும் வையுங்கள். இந்த அளவில் ஆள் சுமார் 24 மில்லிமீட்டர் உயரம். கற்பனை எந்திரத்தை யாரும் நேரில் பார்த்ததில்லை, அதனால் கண் அளவைப் பிடித்துக்கொள்வது ஆளையும் ஏணியையும் வைத்துத்தான்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. தண்ணீர் வைத்ததும் வெண்மை மறைந்தது. ஒரு பாதத்தில் கிளாஸ் அடித்ததில் கரும்பச்சை அப்படியே திரும்பிவிட்டது, நிம்மதி! பிளாஸ்டர் இறுகிவிட்டதே, இனி கால்களை எப்படிப் பதிப்பது? இன்னொன்று: ஓட்டுநர் அறையில் சிவப்பு எல்இடி வைத்திருக்கிறேன். எரியவிட்டால் இணைப்புகள் வழியே ஒளி கசிகிறது. உடலை ஒட்டியாகிவிட்டது.

பதில் 2

பாதத்தைச் சுற்றிப் பென்சிலால் வரைந்து, அதைவிடச் சற்று அகலமாக 3 மில்லிமீட்டர் ஆழத்துக்குக் குடைந்தெடுங்கள். நிஜ அளவில் அது சுமார் 22 சென்டிமீட்டர் பள்ளம், கனமான எந்திரத்துக்குப் பொருந்தும். காற்றில் காயும் களிமண்ணை நிரப்பி, பாதத்தை மெல்லிய பிளாஸ்டிக் தாளில் சுற்றி அழுத்துங்கள். பாதி இறுகியதும் தூக்கிவிடலாம். மாடலைத் தனியாகப் பெயின்ட் அடித்து முடித்து, கடைசியில் பாதத்திலிருந்து பித்தளைக் கம்பி இறக்கி நிறுத்தலாம்.

வற்றிய ஏரியின் மேலோடு நொறுங்கத்தான் செய்யும், குழைந்து பதியாது. களிமண்ணைத் தகடாகத் தேய்த்துக் காயவைத்து, கையால் உடைத்து, அந்தச் சில்லுகளைத் தடத்தின் விளிம்பில் வெளிப்பக்கம் சாய்த்து ஒட்டுங்கள். அடியில் ஈரம் மிச்சமிருப்பதாகக் கொண்டால் புதிய தடம் கருமையாகவும் பழைய தடம் வெளிறியும் இருக்கும். எந்திரம் எந்தத் திசையிலிருந்து வந்தது என்பதை அதுவே சொல்லிவிடும்.

பதில் 3

எல்இடிக்கு: ஒட்டுவதற்கு முன்னால் உள்ளே கருப்பும் அதன்மேல் வெள்ளையும் அடித்திருந்தால் கசிவே இருக்காது. இப்போது இணைப்புக் கோடுகளில் கருப்பு அக்ரிலிக் கலந்த வெள்ளைப் பசையை நுண்தூரிகையால் ஓடவிட்டு, காய்ந்ததும் உடல் நிறத்தைத் தொட்டுவிடுங்கள். மின்னோட்டத்தையும் குறைக்கலாம். 9 வோல்ட் பேட்டரி என்றால் 1000 ஓம் ரெசிஸ்டர் போடுங்கள், சிவப்பு எல்இடிக்கு ஏறத்தாழ 7 மில்லிஆம்பியர் கிடைக்கும். அந்த அறைக்கு அது தாராளம். ரெசிஸ்டரை அடித்தளத்துக்குள் வைத்தால் பின்னால் மாற்றிக்கொள்ளலாம்.

கேள்வி கேட்டவர்

தரையின் நிறத்திலேயே கால்களுக்கும் பிக்மென்ட் தூள் போடப்போகிறேன். அது மேட் வார்னிஷுக்கு முன்னாலா, பின்னாலா?

பதில் 1

பின்னால்தான். தூளின்மேல் வார்னிஷ் அடித்தால் நிறம் கருத்து, பாதி காணாமல் போகும். பிக்மென்ட் ஃபிக்ஸரை (தூளை ஒட்டிப் பிடிக்கவைக்கும் திரவம்) தூரிகை நுனியால் ஓரத்தில் தொட்டால் போதும், தானே பரவிக்கொள்ளும். முழங்காலுக்கு மேலே போகப்போகத் தூளைக் குறைத்துவிடுங்கள்.