ஃபுகி இலை மத்தியானம் சாய்கிறது, காம்பு கசக்கிறது: யாராவது உதவுங்கள்

கொல்லைப்புறம் (சைத்தாமா):
வணக்கம். பக்கத்து வீட்டுப் பாட்டி போன செப்டம்பரில் ஃபுகி, அதாவது காம்பைச் சமைத்துச் சாப்பிடும் ஜப்பானிய பட்டர்பர் செடியின் கிழங்கைத் தோண்டிக் கொடுத்தார். மேற்குச் சுவரோரம் நட்டேன். வசந்தத்தில் ஜோராகக் கிளம்பியது. இப்போது மே கடைசி. மதியம் ஒரு மணி தாண்டினால் எல்லா இலையும் காம்போடு சாய்ந்துவிடுகிறது. மண்ணைத் தொட்டால் ஈரம்தான். தண்ணீரைக் கூட்டவா, குறைக்கவா?

அப்புறம், கொஞ்சம் காம்பை நறுக்கி அப்படியே தேங்காய் போட்டுப் பொரியல் செய்தேன். பாகற்காய் தேவலை. வீட்டில் யாரும் தொடவில்லை.

இன்னொன்று. இந்த வேர் ஒற்றைத் தலைவலிக்கு நல்லதாம், காய்ச்சிக் குடி என்று ஊரிலிருந்து அம்மா சொல்கிறார். குடிக்கலாமா?

மலையடிவாரம் (நகானோ):
கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: குடிக்காதீர்கள். தலைவலிக்குப் பேசப்படுவது ஐரோப்பிய பட்டர்பர். அதிலும் வேர்ச்சாற்றிலிருந்து பைரோலிசிடின் ஆல்கலாய்டு என்ற நச்சைப் பிரித்தெடுத்துவிட்டு மாத்திரையாக்குவார்கள். அமெரிக்க நரம்பியல் அகாடமி 2012இல் அதைப் பரிந்துரைத்தது. கல்லீரல் பாதிப்பு பற்றிய கவலையால் 2015இல் அந்த வழிகாட்டுதலையே விலக்கிக்கொண்டது. சுத்திகரித்த மாத்திரைக்கே இந்தக் கதி. ஃபுகியிலும் அதே வகை நச்சு உண்டு, கிழங்கைக் காய்ச்சினால் சாற்றோடு அதுவும் வயிற்றுக்குள் போகும். அம்மாவிடம் பக்குவமாகச் சொல்லிவிடுங்கள்.

இலை சாயந்திரம் நிமிர்கிறதா?

கொல்லைப்புறம்:
ஆமாம், ஆறு மணிக்கெல்லாம் எழுந்து நிற்கிறது.

மலையடிவாரம்:
அப்படியானால் நோய் இல்லை, தண்ணீர்ப் பஞ்சமும் இல்லை. இலை அகலம், அதனால் வெயிலில் ஆவியாகும் வேகத்துக்கு வேரால் ஈடுகொடுக்க முடியவில்லை. வேரும் ஆழமாக இறங்காது, மேல்மண்ணிலேயே படரும். பதறிப்போய் மத்தியானமும் தண்ணீர் ஊற்றினால் கிழங்கு அழுகும். ஊற்றுவதைக் காலையில் ஊற்றுங்கள், மண்ணின் மேல் வைக்கோல் பரப்புங்கள். மேற்கு வெயிலுக்கு ஹோம் சென்டரில் கிடைக்கும் நாணல் தட்டியைச் சாத்தி வையுங்கள். ஆகஸ்ட் கடைசியிலோ செப்டம்பரிலோ வடக்குப் பக்கம், இல்லை ஒரு மரத்தடிக்கு மாற்றிவிடுங்கள். மூன்று கணு இருக்கும்படி வெட்டி, படுக்கவைத்து, மேலே நாலைந்து சென்டிமீட்டர் மண் போட்டால் போதும்.

மாற்றும்போது சுற்றிலும் பிளாஸ்டிக் தகட்டை 30, 40 சென்டிமீட்டர் ஆழத்துக்கு இறக்குங்கள். கிழங்கு மண்ணுக்கடியில் ஓடி, வேலி தாண்டிப் பாட்டி வீட்டுக்கே திரும்பிப் போய்விடும்! நட்ட முதல் வருடம் காம்பை அறுக்காமல் விட்டால் செடி தேறும்.

அடுப்படி (யோகோஹாமா):
அக்கா, பொரியல் வரும், ஆனால் பச்சையாக வாணலியில் போடக்கூடாது. இலையைக் கழித்துவிட்டு, காம்பைப் பாத்திரத்தில் அடங்கும் அளவுக்கு நறுக்குங்கள். பலகையில் வைத்து, உப்புத் தூவி, உள்ளங்கையால் அழுத்தி உருட்டுங்கள். இங்கே இதற்கு இதாசுரி என்று பெயர், பச்சை நிறம் அப்படியே நிற்கும். அந்த உப்போடேயே கொதிநீரில் போடுங்கள். ஒல்லியான காம்புக்கு மூன்று நிமிடம், தடித்ததற்கு ஐந்து. உடனே குளிர்ந்த நீருக்கு மாற்றி, நுனியில் நகத்தால் கிள்ளி இழுத்தால் தோலும் நாரும் சேர்ந்து நீளமாக உரிந்து வரும். வாழைத்தண்டு நாரோடு மல்லுக்கட்டியவர்களுக்கு இது ஒன்றுமே இல்லை. உரித்ததைத் தண்ணீரில் ஊறப்போட்டு, இரண்டு மூன்று தடவை தண்ணீரை மாற்றுங்கள்.

வேகவைத்த தண்ணீரைக் கொட்டிவிடுங்கள், சத்து வீணாகிறது என்று ரசத்தில் சேர்க்க வேண்டாம். மேலே சொன்ன நச்சு தண்ணீரில் கரையக்கூடியது, ஜப்பானிய வேளாண் அமைச்சகமும் இந்தப் பக்குவத்தைத்தான் சொல்கிறது. இதற்குப் பிறகு தேங்காய்ப் பொரியல் அருமையாக வரும். லேசான கசப்பு மிஞ்சும். அதுவும் போய்விட்டால் ஃபுகி சாப்பிடுவதில் என்ன இருக்கிறது?

கொல்லைப்புறம்:
நன்றி, இன்றே தட்டி வாங்குகிறேன். பிப்ரவரியில் வரும் மொட்டையும் சாப்பிடலாமா?

அடுப்படி:
ஃபுகினோதோவா? தெம்புரா போடலாம், கடலை மாவில் பஜ்ஜியும் நன்றாக இருக்கும். ஒரு வேளைக்கு நாலைந்துக்கு மேல் வேண்டாம்.

மலையடிவாரம்:
உங்கள் பாத்தியில் முளைப்பதை மட்டும் பறியுங்கள். மலைப்பக்கம் ஹஷிரிதோகோரோ என்று ஒன்று அதே பருவத்தில், அதே மாதிரி மொட்டுவிடும். கடும் விஷம், தின்றால் புத்தி பேதலித்து உளற ஆரம்பிப்பார்கள். சந்தேகம் வந்தால் நெடுக்காக வெட்டிப் பாருங்கள்: ஃபுகியில் உள்ளே பூமொட்டுகள் கொத்தாக இருக்கும், அதில் சுருண்ட இலைகள் மட்டும்தான்.